கேக்குக்கு முன்ஜாமீன்

சர்க்கரை நோய்க்காரன் கேக் தின்னலாம், ஆனால் அதைச் சட்டப்படி தின்ன வேண்டும் என்ற முடிவுக்கு நான் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. எனக்கு முன்னால் இந்த வழியை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. யோசித்தவர்கள் இருந்திருக்கலாம். அதை வெளியே வந்து சொல்ல அவர்கள் இருந்திருக்க மாட்டார்கள்.

நான் கண்ணாடிக்கடை வைத்திருப்பவன். கண்ணைச் சோதிப்பேன், லென்ஸைத் தேய்ப்பேன், சட்டத்தில் பொருத்திக் கொடுப்பேன். கீழே கடை. கடைக்கு மேலே வீடு. வீட்டுக்கும் எனக்கும் எல்லாவற்றுக்கும் மேலே என் மனைவி. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். அதை அவள் வீட்டில் ஒரு தடவைகூட ஊதியது கிடையாது. ஊத வேண்டிய தேவை வரவில்லை.

எனக்குச் சர்க்கரை வந்து சில வருஷங்கள் ஆகின்றன. முதலில் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். பிறகு கூடவே இன்னொன்று, சின்னதாக, இளஞ்சிவப்பு நிறத்தில். போன தடவை டாக்டரம்மா இரண்டையும் சேர்த்து ஒரே மாத்திரையாக எழுதிவிட்டார். கூட்டு மாத்திரை. ஒரு மருந்து கல்லீரலைப் பார்த்து 'சர்க்கரையை அவிழ்த்து விடாதே' என்று மிரட்டுமாம். இன்னொன்று கணையத்தைத் தட்டி எழுப்பி வேலை வாங்குமாம். ஒரே உறைக்குள் இரண்டு கட்சி. கூட்டணி ஆட்சி என்று நினைத்துக்கொண்டேன். கூட்டணி என்றாலே எனக்குச் சந்தேகம்தான்.

டாக்டரம்மா தெளிவாகத்தான் சொன்னார். பழைய மாத்திரைகளில் இருந்த அதே மருந்துகள்தான் இதற்குள்ளும் இருக்கின்றன, அதனால் பழையதை இன்றோடு நிறுத்திவிட வேண்டும், இரண்டையும் சேர்த்துப் போட்டால் டோஸ் இரட்டிப்பாகிவிடும் என்றார். மருந்துக்கடைக்காரர் அதையே இன்னும் விலாவாரியாகச் சொன்னார். சாப்பாட்டோடுதான் போட வேண்டும், சாப்பிடாத வேளையில் போடக்கூடாது, சர்க்கரை சடாரென்று இறங்கினால் வேர்க்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், கண் மங்கும், உடனே சர்க்கரையோ குளுகோஸோ வாயில் போட்டுக்கொள்ள வேண்டும், கவனிக்காமல் விட்டால் மயங்கியே விழுந்துவிடுவீர்கள் என்றார். அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல என் மனைவி தலையை ஆட்டினாள். அவள் ஆட்டியதால் நான் ஆட்டவில்லை. ஒரு குடும்பத்துக்கு ஒரு தலை ஆடினால் போதாதா?

கிளம்பும்போது டாக்டரம்மா ஒரு குண்டைப் போட்டார். மூன்று மாதச் சராசரி அடுத்த தடவையும் இறங்கவில்லை என்றால் ஊசிதான்.

ஊசி. என் மனைவி சட்டைப் பொத்தான் தைக்க ஊசியில் நூல் கோர்த்தாலே நான் அடுத்த அறைக்குப் போய்விடுகிறவன். அன்று மாடிப்படி ஏறும்போதே இனி இனிப்பு என்ற வார்த்தையைக்கூட உச்சரிப்பதில்லை என்று சபதம் எடுத்தேன்.

சபதத்துக்கு எதிரி அடுத்த கட்டடத்தில் இருந்தான். பேக்கரிக்காரன். தினமும் மாலை அவன் அடுப்பைத் திறப்பான். அந்த வாசனை சுவரைத் துளைத்துக்கொண்டு என் கடைக்குள் வரும். கண் சோதனைக்கு உட்கார்ந்திருப்பவர்கள் எழுத்தை விட்டுவிட்டு மூக்கால் இழுப்பார்கள். வெண்ணெய், முட்டை, வெனிலா. சோதிப்பவன் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

தெருவில் எல்லோருக்கும் என் மனைவி தடை உத்தரவு போட்டிருந்தாள். டீக்கடையில் எனக்குச் சர்க்கரை கிடையாது. பெட்டிக்கடையில் எனக்கு மிட்டாய் கிடையாது. பேக்கரிக்காரன் பாடு இன்னும் மோசம். அவன் மகள் பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து அணியில் இருக்கிறாள். அணியைத் தேர்ந்தெடுப்பது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் அவன் எனக்கு நண்பன். அவனுக்கும் எனக்கும் பொதுவாக ஒரு பின்பக்க ஜன்னல் இருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை என் மூளை வேலை செய்தது. பழைய இளஞ்சிவப்பு மாத்திரைகளை நான் தூக்கிப் போடவில்லை. போட்டுவிட்டேன் என்று மனைவியிடம் சொல்லியிருந்தேன், அது வேறு விஷயம். அந்த மாத்திரையின் வேலை என்ன? சாப்பிட்டதும் ஏறும் சர்க்கரையை இறக்குவது. கேக் என்பது என்ன? சாப்பிட்டதும் சர்க்கரையை ஏற்றுவது. ஆக, கேக்குக்குக் கொஞ்சம் முன்னால் பழைய மாத்திரை ஒன்று. அது இறக்கும், இது ஏற்றும், கணக்கு நேராகிவிடும். குற்றம் செய்வதற்கு முன்பே முன்ஜாமீன். காலையில் கூட்டணி, மாலையில் ஒரு சுயேச்சை.

அட்டையோடு வைத்தால் மாட்டிக்கொள்வேன் என்று அன்றிரவே எல்லா மாத்திரைகளையும் பிதுக்கி எடுத்தேன். ஒரு பழைய கண்ணாடிக் கூட்டில் போட்டு மூடினேன். கண்ணாடிக்கடையில் கண்ணாடிக் கூட்டை ஒளித்து வைப்பதைவிடப் பாதுகாப்பான இடம் உண்டா? அலமாரி முழுக்க அடுக்கடுக்காகக் கூடுகள். கடலில் ஒரு துளியைத் தேடு பார்க்கலாம்.

திட்டம் கச்சிதமாக ஓடியது. மறுநாளிலிருந்து மாலையில் மாத்திரை. அப்புறம் ஜன்னலில் மூன்று தட்டு. காகிதத்தில் சுற்றிய ஒரு துண்டு. பேக்கரிக்காரன் மனச்சாட்சி உறுத்தி நாளுக்கு நாள் துண்டைச் சின்னதாக்கிக்கொண்டே வந்தான். அதைப் பற்றி எங்களுக்குள் சிறு மனஸ்தாபம்கூட வந்தது. மற்றபடி எனக்கு ஒன்றும் ஆகவில்லை. தலைசுற்றல் இல்லை, வேர்வை இல்லை. டாக்டர்கள் வீணாகப் பயமுறுத்துகிறார்கள் என்ற என் பழைய அபிப்பிராயம் உறுதிப்பட்டது.

பிறகு அந்த நாள் வந்தது.

அன்று வங்கி மேலாளர் ஒருவர் ஃபிரேம் வாங்க வந்தார். கடையில் இருந்த எல்லாவற்றையும் மூக்கில் ஏற்றிப் பார்த்தார். எதிலும் அவர் முகம் அவர் எதிர்பார்த்த அளவுக்கு மாறவில்லை. அதற்கு நான் பொறுப்பில்லை என்பதை எப்படிச் சொல்வது? ஒரு வழியாக முதலில் போட்டுப் பார்த்ததையே எடுத்துக்கொண்டு போனார். நான் வழக்கம்போல் கூட்டைத் திறந்து மாத்திரையை விழுங்கினேன். கேக்குக்கு வயிற்றில் இடம் வேண்டும் என்று மதியம் பாதிச் சாப்பாட்டிலேயே எழுந்துவிட்டிருந்தேன். ஜன்னலுக்குப் போய் மூன்று தட்டு தட்டினேன்.

பதில் இல்லை. வாசனையும் இல்லை. அப்போதுதான் உறைத்தது. மத்தியானத்திலிருந்தே வாசனை இல்லை.

போன் போட்டேன். அடுப்பு எரிந்து போய்விட்டது, பூட்டிவிட்டு மெக்கானிக்கைத் தேடி வந்திருக்கிறேன், நாளைக்குத்தான் திறப்பேன் என்றான் அவன், ஏதோ சாதாரணச் செய்தி மாதிரி.

போனை வைத்தேன். மாத்திரை உள்ளே. கேக் வெளியே. ஜாமீன் வாங்கியாயிற்று, குற்றத்தைக் காணோம்.

மருந்துக்கடைக்காரர் சொன்னதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. வேர்க்கும் என்றாரே என்று நினைத்தேன். வேர்த்தது. நெஞ்சு படபடக்கும் என்றாரே. படபடத்தது. கையை நீட்டிப் பார்த்தேன். நடுங்கியது. அவர் சொன்ன வரிசை மாறாமல் எல்லாம் ஆஜர். கண் மங்குகிறதா என்று படிக்கும் அட்டையை எடுத்துப் பார்த்தேன். எழுத்தெல்லாம் கலங்கலாகத் தெரிந்தது. எனக்கு வெள்ளெழுத்து வந்து நாளாகிவிட்டது, முகத்துக்கு வயசு கூடிவிடும் என்று கண்ணாடி போடுவதில்லை, அந்த அட்டை எனக்குத் தினமும் கலங்கல்தான் என்பது அந்த நேரத்தில் எப்படித் தோன்றும்?

மேசை இழுப்பறையைத் திறந்தேன். சர்க்கரை இறங்கினால் போட்டுக்கொள்ளச் சொல்லி மனைவி ஒரு டப்பா நிறைய மிட்டாய் வைத்திருந்தாள். டப்பா இருந்தது. மிட்டாய்களை வைத்த வாரமே தின்று தீர்த்திருந்தேன். ஆபத்துக்கு வைத்ததை ஆசைக்குத் தின்றால் ஆபத்து நேரத்தில் டப்பாவைத்தான் நக்க வேண்டும். நக்கியும் பார்த்தேன்.

தெருவைத் தாண்டி டீக்கடைக்கு ஓடினேன். நிறையச் சர்க்கரை போட்டு ஒரு டீ என்றேன். டீ மாஸ்டர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"டீச்சர் திட்டுவாங்க சார்."

"அவசரம்யா."

"போன வாரமும் அவசரம்னுதான் சொன்னீங்க. அதுக்கு முந்தின வாரமும்."

நான் சாகப்போகிறேன் என்று சொல்லியிருக்கலாம். எப்படி என்று கேட்பார். அதைச் சொன்னால் தெரு முழுக்கச் சிரிக்கும். மானமா உயிரா என்று ஒரு நொடி யோசித்தேன். இரண்டும் போகாத ஒரே இடம் வீடுதான் என்று தப்பாக முடிவு செய்து திரும்பி ஓடினேன்.

மாடிப்படியை எப்படி ஏறினேன் என்று எனக்கே தெரியாது. என் மனைவி அப்போதுதான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"சர்க்கரை கொடு," என்றேன்.

"எதுக்கு?"

"செத்துட்டிருக்கேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். ஒரு காலில் ஷூவோடு ஓடி வந்து என்னைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள். ஒரு கையில் குளுகோஸ் டப்பா, இன்னொரு கையில் சர்க்கரை பார்க்கும் கருவி. சோதனைப் பட்டையைச் செருகும்போது அவசரத்தில் கீழே போட்டுவிட்டாள். இன்னொன்றை எடுத்தாள். என் விரலில் குத்தினாள். ஊசி குத்தியதைக்கூட நான் உணரவில்லை என்றால் என் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள்.

"என்னங்க சாப்பிட்டீங்க? வேற எங்கேயாவது மாத்திரை வாங்குனீங்களா? மறைக்காம சொல்லுங்க."

'வேற எங்கேயாவது' என்றது அப்போது என் காதில் ஏறவில்லை. கருவி 'பீப்' என்றது. அவள் பார்த்தாள். நீளமாக ஒரு மூச்சு விட்டாள். கருவியை என் கண்ணுக்கு எட்டாதபடி தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு எதிர் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள். சர்க்கரை அவ்வளவு பாதாளத்துக்குப் போயிருக்கிறது, சொல்ல மனம் வரவில்லை போலிருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"சொல்லுங்க," என்றாள், ரொம்ப மென்மையாக. இருபது வருஷ இல்லறத்தில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை. சாகப்போகிறவனிடம்தான் அப்படிப் பேசுவார்கள்.

"பழைய மாத்திரையைத் தூக்கிப் போடல," என்றேன்.

"ம்."

"கண்ணாடிக் கூட்டுல ஒளிச்சு வெச்சேன். தினம் ஒண்ணு போட்டுக்கிட்டேன்."

"ம். எதுக்கு?"

"கேக்குக்கு."

முதல் தடவையாக அவள் புருவம் ஏறியது. "எந்தக் கேக்கு?"

"பக்கத்துக் கடைக் கேக்கு. பின்பக்க ஜன்னல் வழியா வரும். அவன் மேல தப்பு இல்ல. அந்தப் பொண்ணை டீம்ல இருந்து எடுத்துடாதே. இது என் கடைசி ஆசை."

"சரி, எடுக்கல. வேற?"

வேறு என்று கேட்டது தப்பு. சாவு நெருங்கும்போது மனசு லேசாகிவிட ஆசைப்படுகிறது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். தினமும் காலையில் நடைப்பயிற்சிக்குப் போகிறேனே, அது நடை இல்லை, பூங்காவில் ஒரு பெஞ்ச் என்றேன்.

"சட்டையெல்லாம் வேர்வையில நனைஞ்சு வருமே?"

"பூங்காக் குழாயில நனைச்சுக்குவேன்."

"ஓஹோ."

ஓட்டப்பந்தயத்தில் அவள் வாங்கிய வெள்ளிக் கோப்பையின் காதை உடைத்தது எதிர்வீட்டுப் பூனை இல்லை என்றேன். அவள் அண்ணன் கொடுத்த மஞ்சள் சட்டை சலவையில் தொலையவில்லை, நான்தான் தொலைத்தேன் என்றேன். போன கோடையில் அவள் அம்மா ஒரு மாதம் தங்க வருவதாக இருந்தபோது வீட்டில் தண்ணீர்க் குழாய் வெடித்துவிட்டது என்று அவருக்குப் போன் செய்தது நான்தான், எந்தக் குழாயும் வெடிக்கவில்லை என்றேன். ஒவ்வொன்றுக்கும் அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். கோபமே படவில்லை. இப்படிப்பட்ட ஒரு பெண்ணையா இத்தனை வருஷம் ஏமாற்றினோம் என்று எனக்கு அழுகை வந்தது. கடையை விற்றுவிடாதே, வெளியூரில் படிக்கும் மகளிடம் நான் கஷ்டப்படாமல் போனதாகச் சொல் என்றேன்.

கடைசி வார்த்தையும் சொல்லி முடித்தாயிற்று. கண்ணை மூடினேன். கொஞ்ச நேரம் காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பசிதான் எடுத்தது. ஒரு கண்ணைத் திறந்தேன்.

"குளுகோஸ் எப்பக் குடுப்பே?"

அவள் எழுந்தாள். என் சட்டைப்பையில் விளம்பரத்துக்காகச் செருகியிருந்த படிக்கும் கண்ணாடியை எடுத்து என் மூக்கில் மாட்டினாள். கருவியைக் கண்ணுக்கு முன்னால் பிடித்தாள். நூற்று முப்பத்தொன்று.

"இது எப்படி?" என்றேன். "மாத்திரை போட்டேனே."

"போட்டது வைட்டமின்."

எனக்கு விளங்கவில்லை. அவள் விளக்கினாள். பழையதைப் போட்டுவிட்டேன் என்று நான் சொன்ன அன்றைக்கே அவள் நம்பவில்லையாம். தேடிக்கொண்டே இருந்தவள், நான் கூட்டில் ஒளித்த மறுநாள் காலை குளிக்கப் போன நேரத்தில் கடைக்குள் போய் அலமாரியைப் பார்த்திருக்கிறாள். அத்தனை கூடுகளிலும் தூசி. ஒரே ஒரு கூட்டில் மட்டும் தூசி இல்லை. திறந்ததும் தெரிந்துவிட்டது. மாத்திரைகளை அள்ளிக்கொண்டு போய் மருந்துக்கடையில் ஒப்படைத்துவிட்டு டாக்டரம்மாவிடமும் சொல்லிவிட்டாள். எனக்கு முதலில் கொடுத்த அந்தச் சர்க்கரை மாத்திரையை வருஷக்கணக்காகச் சாப்பிடுகிறவர்களுக்கு உடம்பில் ஒரு வைட்டமின் குறையலாம், எனக்குக் குறைந்திருக்கிறது, அதனால்தான் உள்ளங்கால் மரத்துப்போகிறது என்று டாக்டரம்மா அதற்கும் ஒரு மாத்திரை எழுதியிருந்தார். அதுவும் அதே நிறம். இன்னொரு மாத்திரையா, முடியவே முடியாது என்று நான் அடம்பிடித்து ஒதுக்கி வைத்திருந்தேன். டாக்டரம்மாவைக் கேட்டுக்கொண்டுதான் அதைக் கூட்டில் போட்டு வைத்தாளாம்.

"நான் கெஞ்சுனா போட மாட்டீங்க. ஒளிச்சு வெச்சா ஒரு நாள் விடாம போடறீங்க," என்றாள்.

ஆக, என் மாத்திரைக்குப் பதில் அவள் மாத்திரை. என் ஜாமீன் போலி. இத்தனை நாள் கேக்கை மாத்திரைத் துணை இல்லாமல்தான் தின்றிருக்கிறேன். வேர்வையும் நடுக்கமும் நானாகச் செய்துகொண்டவை. ஊருக்கெல்லாம் பார்வை கொடுக்கிறவன் தன் கையில் இருப்பது என்ன மாத்திரை என்று பார்க்கவில்லை. எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது.

"என்னை ஏமாத்தியிருக்கே," என்று குரலை உயர்த்தினேன். "சாவு பயத்தைக் காட்டியிருக்கே. இது நியாயமா?"

அவள் அவிழ்க்காமல் விட்ட இன்னொரு ஷூவின் கயிற்றை அவிழ்த்தாள்.

"நீங்க படியேறி வந்தப்ப எனக்கு உயிரே இல்ல," என்றாள். "வேற எங்கேயோ அதே மாத்திரையை வாங்கிட்டீங்கன்னு நெனச்சேன். அது நெஜ மாத்திரையா இருந்து, கடையில தனியா விழுந்திருந்தா? நான் ஸ்கூல்ல விசில் ஊதிட்டு நின்னிருப்பேன். யாரு பார்த்திருப்பா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஏமாந்தவன் நான், கோபப்பட வேண்டியவன் நான். ஆனால் வெட்கம்தான் வந்தது, அதுவும் நிறைய. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அப்புறம் அவள் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள். ஒலிபெருக்கியில் போட்டாள். தீர்ப்பு வந்தது. கூட்டு மாத்திரையை எழுதிக் கொடுத்தபடி, சாப்பாட்டோடு மட்டும். நானாக எதையும் கூட்டவோ குறைக்கவோ பழையதைத் தோண்டவோ கூடாது. கேக் ஆசை வந்தால் ஒளிக்காமல் அவரிடமே கேட்கலாம், சாப்பாட்டில் எதைக் குறைத்து எப்போது ஒரு சின்னத் துண்டு என்று அவரே சொல்வார். மிட்டாய் டப்பா எப்போதும் நிரம்பியிருக்க வேண்டும், அது ஆபத்துக்கு மட்டும். தினமும் காலையில் நிஜமாகவே நடந்தால் ஊசிப் பேச்சைத் தள்ளிப்போடலாம். ஊசி தள்ளிப்போகும் என்றதும் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

அடுத்து அவள் போட்ட போன் அவள் அம்மாவுக்கு. குழாயெல்லாம் நன்றாக இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் வரலாம், எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கலாம் என்றாள். நாளைக் காலையிலிருந்து நடைப்பயிற்சிக்குத் தானும் கூட வரப்போவதாக என்னிடம் சொன்னாள். விசிலோடு. நான் எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. சொல்வதற்கு என்னிடம் ஒரு ரகசியம்கூட மிச்சமில்லை.

ஒன்று மட்டும் மனசை அரித்துக்கொண்டே இருந்தது. கேட்டுவிட்டேன்.

"நம்பரைப் பார்த்ததுமே உனக்குத் தெரிஞ்சுடுச்சே. அப்பவே சொல்லியிருந்தா நான் இவ்வளவும் உளறியிருக்க மாட்டேனே?"

"சொல்லலாம்னுதாங்க வாயைத் திறந்தேன்," என்றாள், கருவியை உறையில் போட்டபடி. "அதுக்குள்ள நீங்க கேக்குன்னு ஆரம்பிச்சுட்டீங்க. பெரியவங்க பேசறப்ப குறுக்க பேசறது மரியாதையா?"